ராதா யார்?

(மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கிற எங்கள் வீட்டு வட்ஸ்அப் குழுவில் போன சனி, ஞாயிறு நடந்த கதை. வசந்தி மாமியிடம் கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன். அவருடைய கணவர், அம்மாவின் தம்பி ரவி மாமாவிடம் கேட்கவில்லை.)

குழு: கல்லடி வீடு

சனி

9:14 வசந்தி மாமி: நிலா, நீ தந்த கொரிய நாடகம் ஏழாவது எபிசோட் வரைக்கும் வந்துவிட்டேன். இரவு இரண்டு மணி வரை முழிப்பு. கடையில் கணக்கு எழுத இருந்தால் கண் சொருகுகிறது.

9:16 நான்: 'எ ஜென்டில்மேன்ஸ் டிக்னிட்டி' தானே மாமி? மொத்தமே 20 எபிசோட்தான். அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள், பிறகு வீடு வெறிச்சென்று இருக்கும்.

9:19 வசந்தி மாமி: கீழே ஓடுகிற இங்கிலிஷை வாசித்து முடிக்க முதல் அடுத்த வசனம் வந்துவிடுகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். ஆனால் சிரிப்புக்குக் குறைவில்லை. நாலு பேரும் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள். ஒருத்தன் கட்டடம் கீறுகிறவன், ஒருத்தன் அதைக் கட்டுகிறவன், ஒருத்தன் சட்டத்தரணி, ஒருத்தன் கஃபே வைத்திருக்கிறான். காசு தாராளம். வயது 41. நாலு பேரும் கூடினால் பதினெட்டு.

9:20 வசந்தி மாமி: இதை வேறு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். வெளியே எட்டிப் பார்த்தேன். போர்ட்டிகோவில் பைக் இல்லை.

9:21 அம்மா: தம்பி எங்கே போய்விட்டான்?

9:22 வசந்தி மாமி: விடிய நாலரைக்கு அறுகம்பைக்கு மச்சாள். டொக்டரும் பேங்க் மனேஜரும் இறால் பண்ணைக்காரரும் கூட. சேர்ஃபிங் பழகப் போகிறார்களாம்.

9:22 அம்மா: என்ன பழக?

9:23 சுதன் மச்சான்: அலையில் பலகை வைத்து ஓடுவது மாமி. அப்பாவுக்கு நீந்தவே அரைகுறை.

9:25 குமார் மாமா (கனடா): இங்கே இரவு பன்னிரண்டு மணி. படுக்கப் போனவன் இதை வாசித்துவிட்டு எழும்பி இருக்கிறேன். 53 வயதில் கல்லடியில் இருந்து அறுகம்பைக்குப் பைக்கிலா? நூறு கிலோமீற்றருக்கு மேலே வருமே!

9:26 வசந்தி மாமி: காரில் போங்கள் என்றேன். "காரில் போனால் அது பிரயாணம், பைக்கில் போனால் அதுவேறு" என்றார். எதுவேறு என்று சொல்லவில்லை.

9:31 நான்: மாமி, அந்த நாலு பேரில் மாமா யார்? கதாநாயகன் டோ-ஜின்னா? காருக்கு 'பெட்டி' (Betty) என்று பெயர் வைத்துக் கொஞ்சுவாரே.

9:33 வசந்தி மாமி: அந்த அளவுக்கு வடிவு இல்லை. இவர் ஜுங்-ரொக். மனைவி பெரிய பணக்காரி, கட்டடம் எல்லாம் அவள் பெயரில். மனுசன் வெளியே துள்ளுவார், வீட்டுக்கு வந்தால் பூனை. நம்முடைய ஊரில் அதற்குப் பணக்காரியாக இருக்கத் தேவையில்லையே. வீடு எப்படியும் பெண்ணுக்குத்தான். இவர் வந்தது என்னுடைய வீட்டுக்கு.

9:34 அம்மா: அதைச் சொல்லிக் காட்டாதே வசந்தி 😂

9:35 வசந்தி மாமி: சொல்லிக் காட்டவில்லை மச்சாள். வீட்டு உறுதிப் பத்திரம் அலுமாரியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

9:41 சுதன் மச்சான்: நானும் அதைப் பார்த்திருக்கிறேன். காதல் பகுதி இழுவை. ஒவ்வொரு எபிசோடும் தொடங்க முதல் நாலு பேரும் செய்கிற குட்டிக் குறும்பு ஒன்று வரும் பாருங்கள், அதுதான் நாடகம். அதை மட்டும் வெட்டி ஒட்டினால் போதும்.

9:43 நான்: காதல் இல்லாமல் யார் மச்சான் பார்ப்பார்கள்? ஜங் டொங்-கன் 12 வருடத்துக்குப் பிறகு டிவிக்குத் திரும்பி வந்து நடித்தது அது. அவரைக் குறும்புக்கு மட்டும் விட முடியுமா?

9:44 வசந்தி மாமி: எனக்கு அந்தப் பேனைதான் வேண்டும். டோ-ஜின் சட்டைப்பையில் வைத்திருக்கிற, கதைப்பதை எல்லாம் பதிகிற பேனை. மறதி என்பதற்காக வைத்திருக்கிறானாம். இவருக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால், யாருக்கு எத்தனை மூட்டை சீமெந்து கடனுக்குக் கொடுத்தார் என்றாவது தெரியும்.

11:02 ரவி மாமா: (படம்)

11:02 ரவி மாமா: (படம்)

11:03 ரவி மாமா: பேபி பொயின்ட். சின்னப் பிள்ளைகள் பழகுகிற இடம். பயப்படாதீர்கள்.

11:05 அம்மா: இதில் தம்பி எங்கே? பலகை மட்டும்தானே மிதக்கிறது?

11:06 சுதன் மச்சான்: பலகைக்குக் கீழே ஒரு கால் தெரிகிறது மாமி. அதுதான் அப்பா.

11:08 குமார் மாமா (கனடா): அண்ணே, தொப்பையில் படுத்துப் போவதற்குப் பலகை எதற்கு?

11:10 ரவி மாமா: பழக்குகிற பெடியனுக்கு இருபது வயது இருக்கும். "அங்கிள், எழும்புங்க, எழும்புங்க" என்று கத்துகிறான். எழும்பத் தெரிந்தால் நான் ஏன் உனக்குக் காசு தருகிறேன் என்று கேட்டேன். டொக்டர் ஒரு முறை முழங்காலில் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவருடைய கதை தாங்க ஏலாமல் இருக்கிறது.

11:12 வசந்தி மாமி: திருக்கோவில் தாண்டும்போது இறங்கி முருகனைக் கும்பிட்டீர்களா?

11:19 வசந்தி மாமி: இரண்டு கோடும் நீலமாகிவிட்டது. பதில் இல்லை.

11:40 சுதன் மச்சான்: இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் பைக் நிற்கிறது. டாங்கியில் சின்னதாக ஏதோ எழுதியிருக்கிறது.

11:41 சுதன் மச்சான்: 'ராதா'

11:41 சுதன் மச்சான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

11:42 வசந்தி மாமி: நீக்கினாலும் வாசித்துவிட்டேன் மகன்.

11:43 வசந்தி மாமி: ராதா யார்?

11:43 குமார் மாமா (கனடா): சரி, நான் நித்திரைக்குப் போகிறேன்.

11:44 வசந்தி மாமி: நில்லும் குமார். உமக்குத் தெரியும்.

11:45 குமார் மாமா (கனடா): அண்ணி, சத்தியமாக அந்தப் பெயரில் ஒரு பெண்ணையும் எனக்குத் தெரியாது.

11:47 வசந்தி மாமி: நிலா, அந்த நாடகத்தில் ஜப்பானில் இருந்து ஒரு பெடியன் வந்து நாலு பேரையும் தேடித் திரிகிறானே, கொலின். அவன் யாருடைய மகன்?

11:48 நான்: மாமி, அதைச் சொன்னால் கதை போய்விடும்.

11:49 வசந்தி மாமி: போகட்டும். எனக்கு இப்போது இங்கே ஒரு கொலின் வந்து நிற்பானோ என்றுதான் யோசனை.

11:49 சுதன் மச்சான்: அம்மா!!!

12:15 அம்மா: அம்மம்மாவிடம் கேட்டேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது மனுசிக்கு. தண்ணீர் கொடுத்துவிட்டு எழுதுகிறேன்.

12:17 அம்மா: ராதா எங்கள் மாடு வசந்தி. படுவான்கரையில் இருந்தபோது. வெள்ளை, நெற்றியில் மட்டும் செம்பு நிறம். தம்பிதான் அதைப் பார்த்தது. 1990 இல் இரவோடு இரவாக வெளிக்கிட்டபோது கயிற்றை அறுத்துவிட்டு வந்தோம். கொஞ்சத் தூரம் பின்னால் வந்தது. குமார் அப்போது சின்னப் பிள்ளை, மறந்துபோனான்.

12:19 வசந்தி மாமி: பைக்குக்கு மாட்டின் பெயரா!

12:20 வசந்தி மாமி: பெண் என்றாலும் பரவாயில்லை என்று இருக்கிறது.

20:38 ரவி மாமா: பொத்துவில் பக்கம் கவரேஜ் விட்டு விட்டுத்தான் வந்தது. இப்போதுதான் எல்லாவற்றையும் வாசித்தேன். இடுப்புக்குச் சித்தாலேப பூசிக்கொண்டு படுத்திருக்கிறேன். மனேஜர் பூசிவிட்டார். கடன் கேட்டுப் போனால் முகம் காட்டாத மனுசன், இன்றைக்கு இடுப்பு பிடிக்கிறார்.

20:40 ரவி மாமா: நிலா, அந்த நாடகத்து நாலு பேரும் எந்த ஆண்டு பிறந்தவர்கள்?

20:44 நான்: நாடகம் 2012 இல் வந்தது. வயது 41. கொரியாவில் அப்போது பிறந்த அன்றைக்கே ஒரு வயது என்று கணக்கு, அதனால் 1972 மாமா.

20:45 ரவி மாமா: நானும் 72.

20:52 ரவி மாமா: 1988 இல் சியோலில் ஒலிம்பிக் நடந்தது. அவர்களுக்குப் பதினாறு, அவர்களுடைய ஊர். எனக்கும் பதினாறு. சந்தியில் சென்ட்ரியில் நின்ற இந்தியன் ஆமிக்காரன் ரேடியோவில் ஹொக்கி கேட்டுக்கொண்டிருந்தான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று நாங்களும் கேட்டோம். எனக்கு ஒலிம்பிக் அவ்வளவுதான்.

20:58 ரவி மாமா: 90 இல் பதினெட்டு. ஏ.எல். பரீட்சை எடுக்க வேண்டிய வருடம். ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. அப்பா எனக்கு வாங்கித் தந்த புதுச் சைக்கிளுக்கு அவரே தாரும் சேறும் பூசினார், யாருடைய கண்ணிலும் படக்கூடாது என்று. பைக் கேட்டு வாய் திறக்க முடியுமா? பைக் வைத்திருந்த பெடியனிடம் ஒரு பக்கத்தார் பைக்கைக் கேட்பார்கள், மற்றப் பக்கத்தார் பைக் ஏன் என்று கேட்பார்கள். ஆறு மணிக்குப் பிறகு படலைக்கு வெளியே கால் வைத்ததில்லை. பகலில் எங்கே போனாலும் அம்மாவைக் கரியரில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தாய் கூட இருந்தால் இறக்கி விசாரிப்பது குறைவு. பதினெட்டில் இருந்து இருபத்தைந்து வரைக்கும் நான் பின்னால் ஏற்றிக்கொண்டு திரிந்த ஒரே பெண் என்னுடைய அம்மாதான்.

20:59 ரவி மாமா: இழந்த இளமையைத் தேடுகிற கூட்டம் என்று சுதன் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறான். இழக்கிறதுக்கு அது முதலில் கையில் இருந்திருக்க வேண்டுமே மகன். நான் முதல் தரமாகத்தான் பார்க்கிறேன்.

21:03 சுதன் மச்சான்: பகிடிக்குத்தான் அப்பா எழுதினேன்.

21:04 ரவி மாமா: நானும் கோபத்தில் எழுதவில்லை. டொக்டருக்கும் இதே கதைதான். அவர் முழங்காலில் நின்றதும் கத்தினார் பார், ஒரு ஐம்பத்து நாலு வயது மனுசன் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

21:06 குமார் மாமா (கனடா): நான் பதினேழில் இங்கே வந்து இறங்கினேன். நீங்கள் ஆறு மணிக்கு உள்ளே போனீர்கள், நான் ஆறு மணிக்குக் கோப்பை கழுவத் தொடங்கினேன். இரவு பன்னிரண்டு வரை. இப்போது இங்கே எங்கள் வயதுக்காரர் எல்லாம் மரதன் ஓடுகிறார்கள். எங்கே ஓடுகிறார்கள் என்று இன்றைக்குத்தான் விளங்குகிறது.

21:10 அம்மா: அம்மம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "ஒரு நாள் சென்ட்ரியில் இறங்கச் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், எனக்கு இழுப்பு என்று சொல்லி இருமினேன். விடவில்லை. இன்னும் இருமினேன். விட்டான். வீட்டுக்கு வந்த பிறகும் இருமல் நிற்கவில்லை மனே, மூன்று நாள்."

21:34 வசந்தி மாமி: எல்லாரும் சொல்லி முடிந்ததா?

21:36 வசந்தி மாமி: நான் 74 இல் பிறந்தவள். நீங்கள் தாயை ஏற்றிக்கொண்டாவது வெளியே போனீர்கள். எங்களை வீட்டுக்குள்ளேயே வைத்தார்கள். பதினெட்டில் கலியாணம் பேசத் தொடங்கினார்கள், குமர்ப்பிள்ளையை வைத்திருக்கப் பயம் என்று. இருபத்து மூன்றில் உங்களிடம் தந்தார்கள்.

21:38 வசந்தி மாமி: முன்வீட்டு டீச்சர் ஹொண்டா சாலியில், அந்தக் குட்டி மோட்டார் சைக்கிளில், பள்ளிக்கூடம் போவா. நீலச் சாலி. முன் கூடையில் கொப்பிகள், மேலே ஒரு குடை. சத்தம் கேட்டதும் படலைக்கு ஓடி வந்து நிற்பேன். ஒரு நாளாவது "ஏறு" என்று சொல்வா என்று பார்த்தேன். சொல்லவில்லை.

21:39 வசந்தி மாமி: 28 வருடமாக சீமெந்துக் கணக்கு எழுதுகிறேன். எனக்கு எந்த அலை?

21:39 வசந்தி மாமி: அந்த நாடகத்திலும் இதுதான் எனக்குக் குறை. நாலு ஆம்பிளைகளுடைய பதினெட்டு வயதை மட்டும் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். அந்தப் பணக்கார மனைவிக்கு ஒரு பதினெட்டு வயது இருந்திருக்காதா?

21:52 நான்: மாமா தட்டச்சு செய்கிறார், நிறுத்துகிறார், திரும்பவும் செய்கிறார். பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

21:58 ரவி மாமா: சாலி என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லையே வசந்தி.

21:59 வசந்தி மாமி: நீங்களும் ராதாவைச் சொன்னதில்லை.

ஞாயிறு

10:20 ரவி மாமா: (படம்)

10:21 ரவி மாமா: அக்கரைப்பற்று. தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார், பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒன்று நிற்கிறது என்று. ஸ்டார்ட் ஆகிறது. கூடையும் இருக்கிறது.

10:23 சுதன் மச்சான்: விலை கேட்டீர்களா? 2020 இல் இறக்குமதியை நிறுத்தினதில் இருந்து பழையதெல்லாம் தங்க விலை. 2025 இல் திறந்து விட்டும், சாலி வைத்திருக்கிறவன் இறங்கி வர மாட்டான்.

10:24 ரவி மாமா: கேட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன். டொக்டர் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். நேற்று முழங்காலில் நின்ற ஆள், இன்றைக்கு எதையும் செய்வார்.

10:25 நான்: மாமி, கடற்கரை வீதியில் விடிய வாருங்கள். நான் பழக்கிவிடுகிறேன்.

10:26 அம்மா: முதல் தலைக்கவசத்தை வாங்குங்கள். தம்பி, வரும்போது இரண்டு சட்டி தயிர் கொண்டுவா.

10:31 வசந்தி மாமி: சிவப்பு.

10:32 ரவி மாமா: என்ன?

10:32 வசந்தி மாமி: படத்தில் சிவப்பாக இருக்கிறது.

10:33 ரவி மாமா: பெயின்ட் கடை யாருடையது?

10:34 வசந்தி மாமி: நீலத்தில் எத்தனை நீலம் இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரியும்தானே? நீங்களாக ஒன்றை அடித்துக்கொண்டு வரவேண்டாம். பெயரும் நான்தான் வைப்பேன்.

10:50 வசந்தி மாமி: (படம்)

10:50 வசந்தி மாமி: கலர் அட்டையில் இரண்டாவது வரி, பெருவிரல் வைத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில். பெருவிரலுக்குக் கீழே இருப்பது இல்லை.