பட்ட மரத்தின் குழியில் வைத்த கன்று: உங்கள் அனுபவம் என்ன?

புளியங்குடி எலுமிச்சை விவசாயி

பட்டுப்போன எலுமிச்சையைப் பிடுங்கிய குழியிலேயே, மண்ணைக்கூட மாற்றாமல், புதுக் கன்றை வைத்துவிட்டேன். நான்காம் ஆண்டுச் சித்திரையில், காய் பிடித்திருந்த நேரத்தில், காலையில் பச்சையாக நின்ற மரம் மாலைக்குள் இலை சுருண்டு தொங்கியது. ஒரு வாரத்தில் இலையும் காயும் உதிராமல் கிளையிலேயே காய்ந்து நின்றன. தூரில் பட்டையைக் கத்தியால் சீவிப் பார்த்தேன். பிசின் வடியவில்லை, உள்ளே கட்டை மட்டும் ஒரு பக்கமாகச் சாம்பலும் ஊதாவும் கலந்த நிறத்தில் செத்துக் கிடந்தது. அந்த நிறம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. மறுபக்கத்து வேர்கள் நன்றாக இருந்தும் மரம் முழுவதும் ஏன் செத்தது என்பது எனக்கு விளங்கவே இல்லை. பியூசேரியம் சொலானி என்னும் பூசணம் நாப்தசாரின் வகை நச்சுகளைச் சுரக்கிறது என்றும், வேரில் உண்டாகும் நச்சு நீர்க்குழாய்கள் வழியே மேலேறி மரத்தைத் தாக்கக்கூடும் என்றும் பிறகுதான் படித்தேன்.

சங்கரன்கோவில் வாசகர்

மேலே எழுதிய அண்ணாச்சி பழி முழுவதையும் பூசணத்தின் மீது போடுவதை நான் ஏற்கவில்லை. பியூசேரியம் இல்லாத தோட்டம் ஏது? வேறொன்றால் நலிந்த வேரில்தான் அது எளிதில் நுழைகிறது. என்னிடம் பட்ட ஐந்து மரங்களும் வாய்க்கால் நீர் தூரைச் சுற்றித் தேங்கிய வரிசையில் இருந்தவையே. ஆகவே இரட்டை வட்டப் பாத்தி போடுங்கள்; உள்வட்டத்தில் மண்ணை மேடாக அணைத்து, வெளிவட்டத்தில் மட்டும் நீர் விடுங்கள். கொத்தும்போது வேரில் மண்வெட்டி படக் கூடாது. பழைய வேர்களைப் பொறுக்கி எரித்துவிட்டு, குழியைக் கோடை வெயிலில் ஆறப்போடுங்கள். நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மைப் பூசணமான டிரைக்கோடெர்மாவை மட்கிய தொழு உரத்துடன் கலந்து, நிழலில் ஈரம் காக்க வைத்திருந்து இடுங்கள். அதே வாரத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையையும் ஊற்றினால், அதிலுள்ள செம்பு டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும். இவற்றில் எதைச் செய்தார் என்று அண்ணாச்சி எழுதவே இல்லையே!

பேராவூரணி தென்னை விவசாயி

எங்கள் கதை தென்னை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் தோப்பு சாய்ந்தது. அடிக்கட்டைகளைத் தோண்டி எடுக்கக் கையில் பணமில்லாததால், அவற்றுக்கு நான்கடி தள்ளிக் கன்று வைத்தோம். சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு கட்டையின் பக்கவாட்டில், வார்னிஷ் பூசியதைப் போல் மினுமினுக்கும் செம்பழுப்புக் காளான் ஒன்று விசிறி விரித்திருந்தது. கையால் ஒடிக்க வரவில்லை, அரிவாளால்தான் வெட்டினேன். அது கேனோடெர்மா, அடித்தண்டழுகல் நோயின் பூசணம். 1952 புயலுக்குப் பின்தான் தஞ்சை மாவட்டத்தில் இந்நோய் முதலில் கவனிக்கப்பட்டது. அதனாலேயே தஞ்சாவூர் வாடல் என்ற பெயரும் வந்தது. இப்போது கட்டையைச் சுற்றி இரண்டடி ஆழத்துக்கு அகழி வெட்டியிருக்கிறேன். கன்றுகளுக்கு வேப்பம் புண்ணாக்கும் இடுகிறேன். கன்றுகள் இதுவரை நன்றாகவே உள்ளன. ஆனால் இந்நோய் பெரும்பாலும் பத்து வயது கடந்த மரங்களில்தான் தலைகாட்டும் என்பதால், தூரில் செந்நிறச் சாறு கசிகிறதா என்று வாரம் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.