ஆக்ஸியோஸை ஏற்றினேன், டெஸ்ட்கள் விழுந்தன: உங்கள் அனுபவம் என்ன?

சர்வரிடம் டேட்டா கேட்டு வாங்கும் லைப்ரரியான ஆக்ஸியோஸைப் புதிய பதிப்புக்கு ஏற்றியதில் போன மாதம் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். இதே இடத்தில் மாட்டியவர்கள் கீழே சொல்லுங்கள். எனக்கு இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருக்கிறது.

பழைய ரியாக்ட் ப்ராஜெக்ட். கிரியேட் ரியாக்ட் ஆப்பில் தொடங்கியது, அதன் பில்ட், டெஸ்ட் கருவிகளைச் சேர்த்துத் தரும் ரியாக்ட் ஸ்கிரிப்ட்ஸ் 5. ஆக்ஸியோஸ் 0.27இலேயே நின்றிருந்தது. எக்ஸ்எஸ்ஆர்எஃப் டோக்கன் (போலி ரெக்வெஸ்ட்டைத் தடுக்கும் ரகசியக் குறி) வேறு ஹோஸ்டுக்கும் போய்விடும் என்ற ஓட்டையைச் சொல்லி என்பிஎம் ஆடிட் தினமும் நச்சரித்தது. சரி, ஏற்றிவிடலாம் என்று 1.6 போட்டேன். ஆப் பிரவுசரில் ஜம்மென்று ஓடியது. டெஸ்ட் ஓட்டினால் 31 ஃபைலில் 19 சிவப்பு. எல்லாவற்றிலும் ஒரே பாட்டு: "கேனாட் யூஸ் இம்போர்ட் ஸ்டேட்மென்ட் அவுட்சைட் எ மாட்யூல்."

ஒரு மணி நேரம் என் கோடைத்தான் சந்தேகப்பட்டேன். இம்போர்ட்களை மாற்றி எழுதினேன், கேஷை அழித்தேன், நோட் மாட்யூல்ஸையே அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்தேன். நாம் எல்லோரும் செய்கிற சடங்குதானே. அப்புறம்தான் டெஸ்ட்களை ஓட்டும் கருவியான ஜெஸ்ட் அம்புக்குறி போட்டுக் காட்டும் வரி எந்த ஃபைலில் இருக்கிறது என்று பார்த்தேன். என் ஃபைலே இல்லை. ஆக்ஸியோஸ் ஃபோல்டரில் உள்ள இண்டெக்ஸ் ஃபைல், அதன் முதல் வரி. அங்கே ஒரு இம்போர்ட்.

பக்கத்தில் இருந்த பேக்கேஜ் ஜேசனைத் திறந்ததும் கதை புரிந்தது. 'டைப்' என்ற இடத்தில் 'மாட்யூல்'. 'மெயின்' காட்டுவது அந்த இண்டெக்ஸ் ஃபைலை. கொஞ்சம் கீழே 'எக்ஸ்போர்ட்ஸ்' பகுதி. இம்போர்ட் இல்லாமல் பழைய முறையில் ரெக்வயர் செய்து வருபவர்களுக்கென்று டிஸ்ட் ஃபோல்டருக்குள் தனியாக ஒரு சிஜேஎஸ் (காமன்ஜேஎஸ், பழைய வடிவம்) ஃபைலை அங்கே சொல்லியிருக்கிறார்கள். பழைய ஆட்களுக்கும் வாசல் வைத்துத்தான் இருக்கிறார்கள். ஆனால் ஜெஸ்ட் எக்ஸ்போர்ட்ஸைப் படிக்கக் கற்றுக்கொண்டது 2022இல் வந்த 28ஆம் பதிப்பில். ரியாக்ட் ஸ்கிரிப்ட்ஸ் 5 இழுத்துக்கொண்டு வருவது 27. அதற்கு மெயின் மட்டும்தான் தெரியும். நேராக அந்த இண்டெக்ஸ் ஃபைலில் போய் முட்டிக்கொண்டது. பிரவுசருக்காக ஃபைல்களைக் கட்டும் வெப்பேக்குக்கு இரண்டு வடிவமும் தெரியும் என்பதால் பிரவுசரில் ஒன்றும் தெரியவில்லை.

நோட் மாட்யூல்ஸுக்குள் இருப்பதை, புதிய வடிவத்தைப் பழையதாக மாற்றும் பேபலிடம் ஜெஸ்ட் கொடுக்காது. அதனால் டிரான்ஸ்ஃபார்ம் இக்னோர் பேட்டர்ன்ஸ் என்ற ஜெஸ்ட் செட்டிங்கில், "நோட் மாட்யூல்ஸை விட்டுவிடு, ஆக்ஸியோஸை மட்டும் விடாதே" என்று ஒரு விலக்கு எழுதினேன். 19 ஃபைலும் பச்சை.

அதே தெம்பில், சார்ட் வரையும் டி3-ஐ 7க்கு ஏற்றினேன். அது ஈஎஸ்எம் (இம்போர்ட் எழுதும் புதிய வடிவம்) மட்டும்தான். அதற்கும் அடுத்த வரியில் அதே மாதிரி விலக்கு எழுதினேன். டி3 டெஸ்ட் விழுந்தது. சரியாகியிருந்த ஆக்ஸியோஸ் டெஸ்ட்களும் கூடவே விழுந்தன! களைத்துப்போய் அந்த வரியை எடுத்துவிட்டேன். சார்ட் பக்கத்தின் டெஸ்டை இப்போதைக்கு ஸ்கிப் போட்டு வைத்திருக்கிறேன். யாருக்காவது காரணம் தெரியுமா?

*

மறுமொழி 1

உங்கள் முடிச்சுக்கு வேறு யாராவது பதில் சொல்வார்கள். எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். ஜெஸ்ட் 27இலிருந்து 28க்குப் போனோம். (நோடுக்குள் பிரவுசர் போல நடிக்கும் ஜேஎஸ்டாம் என்விரான்மென்டை 28இலிருந்து தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும் என்பது முதல் அடி.) எக்ஸ்போர்ட்ஸைப் படிக்கத் தெரிந்ததுதான் எங்களுக்கு வினையாகிவிட்டது. ஜேஎஸ்டாமில் ஓடும் டெஸ்ட், தன்னை 'பிரவுசர்' என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். ஐடி உருவாக்கும் பேக்கேஜான யூயூஐடி 8இல் நோடுக்கு ஒரு வழி, மற்ற எல்லோருக்கும் பிரவுசருக்கான ஈஎஸ்எம் ஃபைல். எங்கள் டெஸ்ட் நோடில் ஓடிக்கொண்டே பிரவுசர் வேஷம் போட்டதால் அந்த ஃபைல் கையில் வந்தது. "அன்எக்ஸ்பெக்டெட் டோக்கன் எக்ஸ்போர்ட்."

கஸ்டம் எக்ஸ்போர்ட் கண்டிஷன்ஸில் 'நோட்' என்று வைத்தால் போதும் என்று ஒருவர் சொன்னார். வைத்தோம், அந்த எரர் போயிற்று. ஆனால் பிரவுசர் பில்ட் வேண்டும் என்றே இருந்த இன்னொரு பேக்கேஜுக்கு நோட் பில்ட் கிடைத்து, அது வேறு மாதிரி அழுதது. கடைசியில் யூயூஐடியை 9க்கு ஏற்றினோம். அதில் பிரவுசருக்கும் காமன்ஜேஎஸ் ஃபைல் இருக்கிறது. கான்ஃபிகைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

*

மறுமொழி 2

பதிவரே, அந்த பேட்டர்ன்ஸ் ஒரு பட்டியல். அதில் ஏதாவது ஒரு வரி பொருந்தினாலும் ஜெஸ்ட் அந்த ஃபைலைத் தொடாமல் விட்டுவிடும். உங்கள் முதல் வரி "ஆக்ஸியோஸ் தவிர எல்லாவற்றையும் விடு" என்கிறது. அதில் டி3 மாட்டும். இரண்டாவது வரி "டி3 தவிர எல்லாவற்றையும் விடு" என்கிறது. அதில் ஆக்ஸியோஸ் மாட்டும். இரண்டும் ஒன்றின் காலை ஒன்று வாரிவிடுகின்றன. ஒரே வரியில், நடுவில் கோடு போட்டு எல்லாப் பெயரையும் அடுக்குங்கள்.

டி3-க்கு அந்தப் பெயர் மட்டும் போதாது. அதன் கீழே இன்டர்ன்மேப், டெலானேட்டர், ரோபஸ்ட் பிரெடிகேட்ஸ் என்று ஒரு குடும்பமே ஈஎஸ்எம்மில் இருக்கிறது. ஒன்றைச் சேர்த்தால் அடுத்தது விழும். நான் நான்கு முறை ஓட்டித்தான் முடித்தேன்.

ஆக்ஸியோஸுக்கு விலக்கே வேண்டாம் என்பது என் கட்சி. எந்தப் பெயருக்கு எந்த ஃபைல் என்று ஜெஸ்ட்டுக்குச் சொல்லும் மாட்யூல் நேம் மேப்பரில் அந்த சிஜேஎஸ் ஃபைலைக் காட்டிவிடுங்கள். தயாராக இருப்பதை எடுப்பதற்குப் பதில் ஏன் மறுபடி பேபலில் அரைக்க வேண்டும்? எங்கள் டீமில் ஒருவர் நோட் மாட்யூல்ஸ் முழுவதையும் அரைக்கச் சொல்லி வைத்துவிட்டார். டெஸ்ட் தொடங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.

*

மறுமொழி 3

விலக்கு சரியாக இருந்தும் விழுகிறவர்கள் மூன்று இடம் பாருங்கள். மூன்றிலும் நான் விழுந்து எழுந்திருக்கிறேன். பேபல் கான்ஃபிக், புள்ளியில் தொடங்கும் 'பேபல்ஆர்சி' ஃபைலில் இருந்தால் அது நோட் மாட்யூல்ஸுக்குள் எட்டாது. ரூட்டில் 'பேபல் கான்ஃபிக்' என்ற ஃபைலாக இருக்க வேண்டும். டைப்ஸ்கிரிப்ட்டுக்கான டிஎஸ்-ஜெஸ்ட் வைத்திருந்தால், வழக்கமான ப்ரீசெட் டைப்ஸ்கிரிப்ட் ஃபைல்களை மட்டும்தான் பார்க்கும், ஜேஎஸ்ஸையும் சேர்த்துப் பார்க்கும் ப்ரீசெட் தனி. கூடவே அலவ்ஜேஎஸ்ஸும் போட வேண்டும். என்பிஎம்முக்குப் பதில் பிஎன்பிஎம் என்றால் உண்மையான பாதையில் 'நோட் மாட்யூல்ஸ்' இரண்டு முறை வரும். முதல் இடத்திலேயே பேட்டர்ன் பொருந்திவிடும், உங்கள் விலக்கை அது எட்டியே பார்க்காது.

*

மறுமொழி 4

நோட் 22.12இலிருந்து ஈஎஸ்எம்மையும் ஃபிளாக் இல்லாமல் ரெக்வயர் செய்யலாம் என்று படித்துவிட்டு, நோடை ஏற்றினால் தொல்லை தீரும் என்று நம்பினேன். சர்வர் கோடில் தீர்ந்தது. ஜெஸ்ட் 29இல் ஒன்றும் மாறவில்லை, ஏனென்றால் ஜெஸ்ட் தன் சொந்த லோடரில் ஃபைல்களை எடுக்கிறது.

சரி, எல்லாவற்றையும் ஈஎஸ்எம்முக்கே மாற்றுவோம் என்று ஜெஸ்ட்டில் ஈஎஸ்எம்மை நேராக ஓட்ட உதவும் விஎம் மாட்யூல்ஸ் ஃபிளாக்கைப் போட்டேன். இம்போர்ட்கள் ஓடின, மாக்குகள் (அசலுக்குப் பதில் வைக்கும் போலி மாட்யூல்கள்) செத்தன. ஜெஸ்ட் டாட் மாக் வரியை பேபல் மேலே தூக்கி வைக்கும் வித்தை அங்கே நடக்காது. மாக் செய்வதற்கு முன்பே அசல் மாட்யூல் உள்ளே வந்துவிடுகிறது. 'அன்ஸ்டேபிள்' என்று பெயரிலேயே எழுதியிருக்கும் ஒரு ஃபங்ஷனையும் டைனமிக் இம்போர்ட்டையும் வைத்து 60 ஃபைலைத் திருத்த மனம் வரவில்லை. வைட்டெஸ்ட் என்ற வேறு டெஸ்ட் கருவிக்கு மாறிவிட்டேன். சாக் (chalk) லைப்ரரியை மட்டும் ஈஎஸ்எம் ஆகாத 4இலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். எழுத்துக்குக் கலர் கொடுக்க இவ்வளவு சண்டை வேண்டாம்.

*

பதிவர்

மறுமொழி 2 சொன்னவருக்கு ஒரு கும்பிடு. ஆக்ஸியோஸை மேப்பருக்கு மாற்றினேன், டி3 குடும்பத்தை ஒரே வரியில் அடுக்கினேன். டெலானேட்டரின் எழுத்துக்கூட்டலில் தப்பு செய்ததால் எனக்கு ஐந்து முறை ஆயிற்று. சார்ட் டெஸ்டின் ஸ்கிப்பை எடுத்துவிட்டேன். எடுத்ததும் அது வேறு காரணத்துக்காகச் சிவந்தது: ஸ்கிப்பில் கிடந்த மூன்று வாரத்தில் யாரோ லெஜண்டின் பெயரை மாற்றியிருக்கிறார்கள்.