பெட்டியில் எதைத் தனியாக வைத்திருக்கிறீர்கள்?

களிம்பு:

மூன்று நாளாக விடாத மழை. நிலத்தில் கால் வைக்க வழியில்லை. சரி, பல வருடமாகத் தள்ளிப்போட்ட வேலையையாவது முடிப்போம் என்று, மெட்டல் டிடெக்டரை வைத்து வயல்வெளிகளில் இதுவரை தோண்டி எடுத்ததையெல்லாம் மேசையில் கொட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த நண்பன் வழக்கமான கேள்வியைக் கேட்டான்: "இதில் எதுடா அதிக விலை போகும்?" ஒரு வெள்ளி நாணயத்தைக் காட்டினேன். "அப்போ அதுதான் உனக்கு உசத்தியா?" என்றான். இல்லை என்று உடனே வாயில் வந்துவிட்டது.

எனக்கு உசத்தி ஒரு பித்தளைத் தகடு. கையகல நீளம், வரிசையாகப் பத்து நீளத் துளைகள். டிடெக்டரில் வெள்ளி நாணயத்துக்கு வருகிற மாதிரியே கணீரென்று சிக்னல் வந்ததால் ஆசை ஆசையாகத் தோண்டினேன். வெளியே வந்ததும் ஏதோ பூட்டின் பாகம் என்று பையில் போட்டுவிட்டேன். வீட்டில் கழுவிப் பார்த்தபோதுதான் புரிந்தது, மவுத் ஆர்கனுக்குள் இருக்கும் தகடு. மரச்சட்டம் மண்ணோடு மண்ணாகிவிட்டது. துளைக்கு ஒன்றாக, மூச்சுக் காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்குகள் பத்து இருந்திருக்கும், அவற்றில் ஒன்பதைக் காணோம். மிச்சமிருந்த ஒன்றை நகத்தால் மெல்லச் சுண்டினேன். ஒலித்தது.

கொசுவின் ரீங்காரம் அளவுக்குத்தான். ஆனால் அந்த இடத்தில் வீடு கிடையாது, பாதை கிடையாது, நாலு பக்கமும் உழுத மண். அங்கே யார் உட்கார்ந்து, யாருக்காக வாசித்தார்கள்? இந்தத் தகடு அபூர்வமானதொன்றும் இல்லை. டிடெக்டர் பிடிக்கிற பாதிப் பேருக்குக் கிடைத்திருக்கும், யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். எனக்கு அது தனிப் பெட்டியில் இருக்கிறது.

உங்களுடையது எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். விலை வேண்டாம். இடத்தையும் துல்லியமாகச் சொல்ல வேண்டாம், ராத்திரியில் திருட்டுத்தனமாகத் தோண்ட வருகிற கூட்டத்துக்கு நாமே வழிகாட்டினது போலாகிவிடும்.

ஈரமணல்:

நான் நல்ல பிள்ளை வேஷம் போடப்போவதில்லை. தங்கம்தான். கடற்கரையில் மட்டுமே தேடுகிறவன் நான். அங்கே செம்பு பச்சையாகிவிடும், வெள்ளி கருத்துவிடும், இரும்பைக் கேட்கவே வேண்டாம், மணலோடு சேர்ந்து கல்லாகிவிடும். தங்கம் மட்டும் நேற்று விழுந்தது மாதிரியே வரும். குழிக்குள் அந்த மஞ்சள் ஒரு கணம் மின்னும் பாருங்கள், அதற்கு ஈடே இல்லை.

ஆனால் அந்த ஒரு கணத்துக்கு முன்னால் எத்தனை குப்பை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிடெக்டரின் அடியில் வட்டமாக இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில் (coil), அனுப்பும் காந்தப்புலம் புதைந்திருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். அது திருப்பி அனுப்புவது எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்துத்தான் கருவி ஓர் எண்ணைக் காட்டுகிறது. உலோகத்தின் வகை, கனம், அளவு எல்லாம் கலந்து வருகிற எண் அது. அதனால் மெல்லிய தங்க மோதிரமும், மடங்கிய அலுமினியத் தாளும், குளிர்பான டப்பாவைத் திறக்கும் வளையமும் ஒரே எண்ணில் வந்து நிற்கும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்களை அடைத்துவைத்தால் மோதிரமும் போச்சு. தோண்டித்தான் ஆக வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒருவர் கல்யாண மோதிரத்தைத் தொலைத்துவிட்டு என்னைத் தேடி வந்தார். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் நழுவும். நழுவியது கரைக்கு வந்து துண்டால் துடைக்கும்போதுதான் தெரிந்திருக்கிறது. ஒரு காகிதத்தில் வரைபடம் போட்டு, "இங்கேதான், சந்தேகமே இல்லை" என்று பெருக்கல் குறி வைத்துக் கொடுத்தார். ஓதம் இறங்கும் நேரம் பார்த்து, காலால் மணலில் கோடு இழுத்து, கோட்டுக்குக் கோடு காயிலை ஒட்டி ஓட்டினேன். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் அவர் போட்ட குறியிலிருந்து நாற்பது தப்படி தள்ளிக் கிடைத்தது. இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை தொலைத்தவர்கள் காட்டும் இடம் பெரும்பாலும் தப்பு. அவர்கள் பொய் சொல்வதில்லை. அலை, வெயில், பதற்றம், எல்லாம் சேர்ந்து இடத்தை மாற்றிவிடுகிறது.

மோதிரத்தைக் கையில் கொடுத்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. உள்பக்கம் பொறித்திருந்த தேதியை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார். என் பெட்டியில் அந்தத் தப்பான வரைபடம்தான் இருக்கிறது. ஆக, தங்கம் என்று ஆரம்பித்து ஒரு காகிதத்தில் வந்து நிற்கிறேன். நீங்களே சிரித்துக்கொள்ளுங்கள்.

பழையஆணி:

முதல் நாணயம். செம்புக் காசு. ஒரு பக்கம் தலை உருவம் இருந்தது, ஓரத்தில் எழுத்தும் இருந்தது. "இருந்தது" என்று சொல்லக் காரணம், அன்று ராத்திரியே வினிகரில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, பளபளவென்று ஆக்கிவிட்டேன். மண்ணுக்குள் பல காலம் கிடந்த செம்பில், நுணுக்கமான வேலைப்பாடெல்லாம் மேலே படிந்த அந்தப் பச்சைப் படலத்திலேயே தங்கியிருக்கும் என்பது அப்போது தெரியாது. படலம் கரைந்தது, தலையும் கரைந்தது. இப்போது அது ஒரு வழவழப்பான வட்டம். அதைப் பார்க்கும்போதெல்லாம் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுகிறேன்.

குழிமூடி:

பழையஆணி, நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன்தான். இரண்டு காசு.

என்னுடையது பெட்டியில் இல்லை, டிராக்டரில் இருக்கிறது. ஒரு பெரிய பண்ணையில் தேட அனுமதி கேட்டுப் போனேன். முதியவர், கறார். "எல்லாரும் எடுத்துக்கொண்டு போகத்தான் வருகிறீர்கள்" என்றார். திரும்பி நடந்தபோது கூப்பிட்டு, கலப்பையை மாட்டும் இரும்பு முளை ஒன்று வயலில் விழுந்து ஒரு மாதமாகிறது, அதைக் கண்டுபிடித்துக் கொடு, அப்புறம் பேசுவோம் என்றார். நாம் எல்லோரும் இரும்பைக் கேட்காதபடி கருவியைச் செட் செய்து பழகியவர்கள். அன்றைக்கு முதன்முறையாக இரும்புக்காக மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தேன். ஆணி, லாடம், கம்பி, மறுபடி ஆணி. சாயங்காலம் முளை கிடைத்தது. அதற்குப் பிறகு ஆறு வருடமாக அந்த நிலத்துக்குப் போகிறேன், கேட் பூட்டின் எண்ணே எனக்குத் தெரியும்.

இதனால்தான் ஹாக்ஸ்ன் புதையல் கதையை யார் சொன்னாலும் நான் சுத்தியலில் ஆரம்பிப்பேன். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், நிலத்தில் தொலைந்த சுத்தியலைத் தேடித் தரும்படி விவசாயி கேட்டுத்தான் எரிக் லாஸ் டிடெக்டரோடு போனார். கிடைத்தது ரோமானியப் புதையல்: பதினைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான நாணயங்கள், கூடவே சுமார் 200 தங்க, வெள்ளிப் பொருள்கள். அவரை நான் மதிக்கிறது வேறு விஷயத்துக்காக. கொஞ்சம் எடுத்துப் பார்த்ததுமே நிறுத்திக்கொண்டு தகவல் சொல்லிவிட்டார். தொல்லியலாளர்கள் வந்து மீதியை முறைப்படி எடுத்தார்கள். எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தது என்பதுவரை தெரிந்தது அதனால்தான். நம்மில் எத்தனை பேருக்கு அந்த நேரத்தில் கை நின்றிருக்கும்? எனக்கு நின்றிருக்குமா என்று சத்தியம் செய்ய மாட்டேன். சுத்தியலும் கிடைத்தது. இன்று அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

ஊசிமுனை:

தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க விரல் நுனியில் மாட்டுவார்களே, அந்தச் சின்ன உலோகக் கூடு. பெரும்பாலும் டிராக்டர் ஏறி நசுங்கித்தான் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது முழுசாக இருந்தது. என் சுண்டுவிரலிலேயே நகத்தைத் தாண்டி இறங்கவில்லை, அவ்வளவு சின்னது. ஒன்பது வயது மகளின் ஆள்காட்டி விரலுக்குச் சரியாகப் பொருந்தியது. ஊசி வழுக்காமலிருக்க மேலே சின்னச் சின்னக் குழிகள் இருக்கும் இல்லையா, அவற்றில் ஒரு பக்கத்தில் மட்டும் குழிகள் தேய்ந்து, ஓரிடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது. உலோகம் தேயும் அளவுக்கு அந்தக் குழந்தை தைத்திருக்கிறது. விளையாட்டாகத் தைத்தால் அப்படித் தேயாது.

அன்றைக்கு அதே நிலத்தில் ஒரு வெள்ளிக் காசும் கிடைத்தது. கிடைப்பதில் பாதி நிலத்துக்காரருக்கு என்று முதலிலேயே பேசியிருந்தோம். இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்று நான் சொன்னபோது என் குரல் எனக்கே சரியில்லை. அவர் காசை எடுத்துக்கொண்டு, எனக்காக வருத்தப்பட்டார்.

ஈரமணல்:

ஊசிமுனை அக்கா, அந்த நிலத்துக்காரரை நான் பார்க்க வேண்டும். என்னிடம் மாற்றிக்கொள்ள நிறைய பாட்டில் மூடிகள் இருக்கின்றன.

தோட்டாக்கூடு:

என்னுடையது ஒரு நோட்டுப் புத்தகம். ஏன் என்று கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சரிவில் இரண்டு வருடம் தேடினேன். ஈயக் குண்டுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. பழைய காலத்துத் துப்பாக்கியில் போடும் உருண்டைகள். எடுத்த எல்லாவற்றையும் ஒரே கண்ணாடி ஜாடியில் போட்டேன். ஜாடி நிறைய நிறைய எனக்குப் பெருமை. பிறகுதான் லிட்டில் பிக்ஹார்ன் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1876-ல் அமெரிக்காவில், கஸ்டர் என்ற ராணுவ அதிகாரியின் படை பூர்வகுடிகளிடம் தோற்ற இடம். 1983-ல் புல்வெளி தீப்பிடித்து நிலம் வெறுமையானது. அடுத்த வருடம் தொல்லியலாளர்கள், மெட்டல் டிடெக்டர் பிடிக்கத் தெரிந்த தன்னார்வலர்களை வரிசையாக நிற்கவைத்து நடக்கவிட்டார்கள். சிக்னல் வந்த இடத்திலெல்லாம் கொடி நட்டார்கள், கிடைத்தது ஒவ்வொன்றும் எங்கே கிடந்தது என்று அளந்து குறித்தார்கள். தோட்டாக் கூட்டின் அடியில் துப்பாக்கியின் ஊசி குத்திய தடம் இருக்கும். அந்தத் தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். அதை வைத்து, ஒரே துப்பாக்கி இங்கே சுட்டது, அப்புறம் நகர்ந்து அங்கே சுட்டது என்று தனித்தனி ஆளின் நகர்வையே காட்டினார்கள். ஒரு கூட்டைத் தனியாக எடுத்தால் சல்லிக்காசு பெறாது. கிடந்த இடத்தோடு சேர்த்தால்தான் அது பேசுகிறது.

படித்துவிட்டு ஜாடியைப் பார்த்தேன். நசுங்கியவை, எதிலாவது போய் மோதியவை. உருண்டையாகவே இருப்பவை, பயத்திலோ அவசரத்திலோ கைதவறி விழுந்தவை. எது எங்கே கிடந்தது என்று குறித்திருந்தால், எங்கே நின்றார்கள், எந்தப் பக்கம் சுட்டார்கள் என்று ஓரளவாவது சொல்லியிருக்கலாம். இரண்டு வருடத்தில் அந்தச் சரிவைத் துடைத்துவிட்டு, என்னிடம் இருப்பது ஒரு ஜாடி ஈயம். திருப்பிப் புதைத்தாலும் பயனில்லை. அதற்கு மறுநாள் வாங்கியதுதான் அந்த நோட்டு.

ஈரமணல்:

நோட்டு செல்லாது. உலோகமாக இருக்க வேண்டும்.

தோட்டாக்கூடு:

கம்பிச் சுருள் போட்ட நோட்டு. காயிலுக்கு அடியில் வைத்தால் கத்தும்.

பழையஆணி:

யாரும் சொல்லாததால் நான் ஒன்று சேர்க்கிறேன். எடுக்காமல் விட்டதும் உண்டு. நல்ல பெரிய சிக்னல், ஒரு முழம் ஆழம். மண்ணைக் கையால் ஒதுக்கியபோது உருளையான இரும்பு, ஒரு முனை கூம்பு, சுற்றிலும் செம்புப் பட்டை. பீரங்கிக் குண்டு. பின்வாங்கி, தூரத்தில் நின்று போலீசுக்குச் சொன்னேன். பார்க்க வந்தவர்கள் என் குழியைப் பார்த்துவிட்டு, மண்வெட்டியின் தடம் அதிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளி இருக்கிறது என்று காட்டினார்கள். மூன்று. அன்றைக்கு எதுவும் கொண்டுவரவில்லை, அதுவே போதும்.

குழிமூடி:

களிம்பு அண்ணா, கேள்வி கேட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டீர்களே. அந்த ஒற்றை நாக்கு என்ன சுரம் என்று பார்த்தீர்களா?

களிம்பு:

பார்த்தேன். மகன் போனில் சுருதி பார்க்கும் செயலியை வைத்தான். இரண்டு சுரத்துக்கு நடுவில் முள் ஆடிக்கொண்டே இருந்தது, களிம்பு ஏறியதால் நாக்கின் எடை மாறியிருக்கும் என்றான். மறுபடி சுண்டச் சொன்னான், நான் கொடுக்கவில்லை. உடைந்துவிடும்.

இன்னொன்றும் அவன்தான் சொன்னான். மவுத் ஆர்கனில் தகடு இரண்டு இருக்குமாம். ஊதும்போது ஒலிப்பது ஒன்று, மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒலிப்பது ஒன்று. என்னிடம் இருப்பது ஒன்றுதான். மழை நேற்றோடு நின்றுவிட்டது, நிலத்தை மறுபடி உழப்போவதாக நிலத்துக்காரர் சொன்னார். சனிக்கிழமை போகிறேன்.