71 இந்தியா-பாகிஸ்தான் சண்டையில் தாத்தா எங்கே இருந்தார்? தெரிந்துகொள்ள வழி உண்டா?

பாலாற்றுப் பேரன்:
தாத்தா போன மாதம் தவறிவிட்டார். ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம்தான். மற்ற தாத்தாக்கள் திண்ணையில் உட்கார்ந்தால் சண்டைக் கதை ஓடும். இவர் மட்டும் "பெங்களூர்ல டிரெயினிங், அப்புறம் வடக்க" என்பதோடு எழுந்துவிடுவார்.

கருமாதி முடிந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மூன்று பதக்கங்கள், ரிப்பன் சாயம் போயிருக்கிறது. பாட்டிக்கு எழுதிய கடிதங்களில் முகவரி '56 ஏ.பி.ஓ.' மட்டுமே. இதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா?

இன்னொன்று. புல் மூடிய வரப்பில் சட்டென்று கால் வைக்க மாட்டார். கைத்தடியைச் சாய்த்து லேசாகக் குத்திப் பார்ப்பார். பாம்புக்குப் பயம் என்று கேலி செய்வோம்.

ரிட்டயர்டு சுபேதார்:
தம்பி, அவருக்கு என் வணக்கம். நானும் அதே குரூப், ரொம்ப ஜூனியர். 56 ஏ.பி.ஓ. என்று ஓர் ஊர் கிடையாது, அது ராணுவத் தபால் நிலையத்தின் நம்பர். யூனிட் எங்கே நகர்ந்தாலும் அதே முகவரிதான், இடம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக. கிழக்கே இருந்திருந்தால் பெரும்பாலும் 99 என்று வரும். பதக்கங்களில் நட்சத்திரம் உண்டா பாருங்கள். மேற்கு முனைக்கு 'பஷ்சிமி ஸ்டார்', கிழக்குக்கு 'பூர்வி ஸ்டார்'. வட்டப் பதக்கத்தின் விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்!

அந்தக் கைத்தடி பாம்புக்கு இல்லை. கண்ணிவெடி தேடும் கம்பியைச் சுமார் 30 டிகிரி சாய்வில்தான் மண்ணில் இறக்குவோம். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தும், சாய்வாகப் போனால் விலாவில் தட்டும். 71 டிசம்பரில் மேற்கு முனையில் பசந்தர் ஆற்றுப் பக்கம் எங்கள் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே டாங்குகளுக்கு வழி திறந்தது. அதில் உயிரை விட்ட மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். தாத்தாவும் அந்த யூனிட்தானா என்பதை டிஸ்சார்ஜ் புக் பார்த்துத்தான் சொல்லணும்.

பாலாற்றுப் பேரன்:
மேற்கு ஸ்டார்தான் ஐயா. விளிம்பு நம்பரும் படிக்க முடிகிறது. டிஸ்சார்ஜ் புக்கில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது.

காட்பாடி மலர்:
நம்பர் இருந்தால் போதும். பெங்களூர் எம்.இ.ஜி. (மெட்ராஸ் சாப்பர்ஸ்தான்) ரெக்கார்ட் ஆபீஸுக்குப் பாட்டி பெயரிலேயே கடிதம் போடுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். அந்தக் கடிதத்திலேயே பாட்டியின் பெயரும் பிறந்த தேதியும் ரெக்கார்டில் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். எங்கள் அம்மாவுக்கு ஆதாரில் ஓர் எழுத்து மாறியதால் ஃபேமிலி பென்ஷன் இழுத்துக்கொண்டே போனது. சண்டை விவரத்தை அப்புறம் நிதானமாகத் தேடலாம், பென்ஷன் வேலையை இந்த வாரமே ஆரம்பியுங்கள்.