மறுமொழி: பனியன் ஆபரேஷனுக்கு தமிழ்ல என்ன சொல்ல?

எல்லாருக்கும் வணக்கம்,

இழை முழுசும் வாசிச்சாச்சு. பனியன் (bunion)னா கால் பெருவிரலோட அடிமூட்டு வெளிய துருத்திட்டு நிக்கிற கோளாறு, அதுக்கு ஆபரேஷன் ஆனவங்களுக்கு நாம குடுக்கிற பயிற்சித் தாள்ல தமிழ்ல என்ன பேர் எழுதலாம்ங்கிறதுதான் பேச்சு. ஒலிபெயர்ப்பே போதும்னு சொல்றவங்களுக்கு மொதல்ல ஒரு வார்த்தை. "பனியன் அறுவை சிகிச்சை"ன்னு தாள்ல அடிச்சு குடுத்தா எங்க மார்த்தாண்டம் பக்கம் ஜனங்க சிரிப்பாங்க, பனியன்னா திருப்பூர்லேர்ந்து வருமே அதுதான். பன்னியன்னு எழுதலாம்னு ஒருத்தர் சொல்லியிருக்கீங்க, அது அதவிட மோசம்.

> எலும்பு வளர்ச்சின்னே வைக்கலாமே, ஆசுபத்திரில அப்படித்தான சொல்றாங்க

இதுதான் எனக்கு ஆகவே ஆகாது. அங்க பெரும்பாலும் புதுசா எதுவும் வளர்றதில்ல. துருத்திட்டு நிக்கிறது பெருவிரலுக்குப் பின்னால பாதத்துல இருக்கிற முதலாம் பாத எலும்போட தலை, அந்த எலும்பு ஒரு பக்கம் விலகுது, பெருவிரல் எதிர்ப்பக்கம் ரெண்டாவது விரல் மேல சாயுது, நடுவுல இருக்கிற மூட்டு கோணி வெளிய தள்ளுது, அதுமேல செருப்பு வார் உரசி உரசி தோலுக்கடியில இருக்கிற நீர்ப்பையும் வீங்கி செவந்து போவுது. எக்ஸ்ரேல கோணம் அளந்துதான் பாக்குறாங்க. பெருவிரலுக்கும் பாத எலும்புக்கும் நடுவுல 15 டிகிரி வரைக்கும் சரி, அதுக்கு மேல போனா சாய்வு, 40 தாண்டினா ரொம்ப முத்தினது. ஆபரேஷன்லயும் துருத்தினத சீவி விடுறதோட நிக்கிறதில்ல, எலும்ப வெட்டி நகர்த்தி நேராக்கி ஸ்க்ரூ போடுறாங்க, செவ்ரான், ஸ்கார்ஃப், லாபிடஸ்னு ஏகப்பட்ட வகை இருக்கு. வளர்ச்சின்னு பேர் வச்சா என்ன ஆகும், "வளந்தது எடுத்தாச்சு, தையல் பிரிச்சா சந்தைக்கு போலாம்"னு நெனைக்காங்க, ஆனா வெட்டின எலும்பு ஒட்ட ஆறு வாரம் கிட்ட ஆகும், அதுவரைக்கும் முன்பாதம் தரையில அழுந்தாத செருப்ப போட்டு குதிங்கால்ல நடக்கணும்னா "சீவினதுக்கா இவ்வளவு பாடு"ன்னு நம்மகிட்ட சண்டைக்கு வாறாங்க. பேர்ல தப்பு இருந்தா பிசியோதெரபில வந்து விடியுது.

கால் ஆணியும் வேண்டாம். அது தோல் தடிக்கிறது, வேற சங்கதி.

> வால்கஸ்னா புறக்கோணல், வேரஸ்னா அகக்கோணல். ஆகவே பெருவிரல் புறக்கோணல்.

ஐயா, டாக்டருங்க இத "ஹாலக்ஸ் வால்கஸ்"னுதான் எழுதுறாங்க, அகராதிப்படி நீங்க சொல்றது சரி. உடம்போட நடுக்கோட்ட வச்சு பாத்தா விரல் நுனி வெளிப்பக்கம்தான் போவுது. ஆனா கால குனிஞ்சு பாக்குற ஆளுக்கு விரல் "உள்ள" போவுது, மத்த விரலுங்க பக்கம், வெளிய வாறது மூட்டுதான். புறம்னு எழுதினா தாள வாங்கினவங்க எந்த பக்கத்த சொல்லுதுன்னு முழிப்பாங்க, சிலபேர் வீட்டுல போய் தப்பு பக்கமா இழுத்தும் வைப்பாங்க. அதுவும் இல்லாம கோணல்ங்கிற சொல் எங்க பக்கம் ஏச்சு. "கோணக்காலு"ன்னு சின்ன வயசுல கேட்டு வளந்த பொம்பளைங்ககிட்ட அதையே நோய்க்கு பேரா எழுதி நீட்ட எனக்கு மனசு வரல. இன்னொருத்தர் சொன்ன விரற்கோட்டம் (கோட்டம்னா வளைவு) காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா கோட்டம்னா இங்க பத்மநாபபுரம் வருவாய் கோட்டம்தான் ஞாபகம் வரும், ஆர்டிஓ ஆபீஸுக்கு போகச் சொல்றாங்களோன்னு ஆகிரும்.

எனக்க ஓட்டு "பெருவிரல் சாய்வு". உள்ளயா வெளியயான்னு சண்டை இல்ல, பாத்தா தெரியுது, ஏச்சும் இல்ல. துருத்தல மட்டும் தனியா சொல்லணும்னா "சாய்வுப் புடைப்பு"ன்னு வச்சுக்கலாம்.

இதவிட அவசரமா வேண்டிய சொல் ஒண்ணு இருக்கு, அத யாரும் தொடல. திருவனந்தபுரத்துல ஆபரேஷன் பண்ணிட்டு களியக்காவிளை தாண்டி இங்க வாறவங்க கையில இங்கிலீஷ் டிஸ்சார்ஜ் சம்மரி, காதுல மலையாளத்துல கேட்டது, நம்ம தாளு மட்டும்தான் தமிழ். அதுல "பெருவிரலை மடக்கி நிமிர்த்தவும்"னு இருந்தா என்ன செய்யிறாங்கன்னா நகத்துப்பக்கம் நுனிய புடிச்சு மடக்குறாங்க. நுனிக்கிட்ட இருக்கிற சின்ன மூட்டு நல்லா மடங்கும், ஆபரேஷன் ஆன பெரிய மூட்டு அசையவே அசையாது, அப்படியே எறுகிப் போகும். செய்ய வேண்டியது, ஒரு கையால பாத எலும்ப அமுக்கி புடிச்சிட்டு இன்னொரு கையால விரலோட அடித்துண்ட, நகத்த இல்ல, புடிச்சு பைய மேல கீழ மட்டும் அசைக்கணும், பக்கவாட்டுல கூடாது. அதுவும் தையல் பிரிச்சு சர்ஜன் சரின்னு சொன்ன பொறவு. பெருவிரலுக்கு எலும்பு ரெண்டு, ஆக மூட்டும் ரெண்டு. பாதத்துக்கிட்ட இருக்கிற பெரிய மூட்டுக்கு "அடிமொழி", நகத்துக்கிட்ட இருக்கிற சின்னதுக்கு "நுனிமொழி"ன்னு எழுதலாம்ங்கேன். விரல் மடங்குற கணுவ விரல் மொழின்னு சொல்றதுதான? "அடிமொழியை அசைக்கவும்"னு இருந்தா கை தன்னால சரியான எடத்துக்கு போகும்.

பெருவிரல்னுதான் எழுதணும், கட்டைவிரல்னா பாதிப்பேர் கைய பாக்காங்க. எங்க ஊர்ல தள்ளவிரல்ம்பாங்க, ஆனா மதுரைக்காரர் வாசிச்சா விரலை தள்ளச் சொல்றாங்கன்னு நெனைப்பாரு.

– குழித்துறையிலேர்ந்து ஒரு பிசியோ

---

தம்பி, சாய்வுக்கு நான் ஒத்துக்கறேன், புறக்கோணலை மருத்துவ மாணவர் அகராதியில வச்சுக்கலாம். அடிமொழிதான் இடிக்குது. மொழின்னதும் பாஷைன்னு படிச்சிருவாங்களே, இங்க சித்தூர் கொழிஞ்சாம்பாறை பக்கம் பிள்ளைங்க பாதிப்பேர் மலையாள மீடியம். அடிமூட்டுன்னா என்ன குறை? நடைப்பயிற்சில பெருவிரலால தரையைத் தள்ளுற அந்த கடைசி உந்தலுக்கு என்ன பேர் வைக்கப்போறீங்க?

– பாலக்காட்டிலிருந்து

---

ஐயா, மூட்டுன்னா எங்க பக்கம் முழங்கால்தான், "மூட்டு வலி"ன்னா வேற எதையும் நெனைக்க மாட்டாங்க. ஆனா படிக்கிற பிள்ளைங்க சங்கடம் நீங்க சொன்ன பொறவுதான் புரியுது. "விரலடி மூட்டு"ன்னு போட்டு பக்கத்துல படம் ஒண்ணு வரைஞ்சு அம்புக்குறி போட்டா ரெண்டு ஊருக்கும் ஆகும், அப்படியே வைக்கேன்.

உந்தலுக்கு உந்தலே இருக்கட்டும். ஆபரேஷன் ஆனவங்க வலிக்கு பயந்து பாதத்தோட வெளி ஓரத்துல சாஞ்சு நடந்து பழகிருவாங்க, எலும்பு கூடின பொறவும் அந்த நடை போகாது, பெருவிரல் தரையில அழுந்தாமலே அடுத்த கால எடுத்து வைப்பாங்க. சொவர புடிச்சு எக்கி நிக்கச் சொல்லி, பாரம் பெருவிரலுக்கு வருதான்னு பாத்து திருத்தணும். அதனால பயிற்சிக்கு "எக்கி நிற்றல்", நடையில வர்றதுக்கு "பெருவிரல் உந்தல்". வீக்கம் ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருஷம் வரைக்கும் கூட லேசா இருக்கும், அதையும் தாள்ல எழுதணும், இல்லன்னா ஆபரேஷன் பாழாப்போச்சுன்னு பயப்படுவாங்க. மெட்டிய எப்ப திரும்ப போடலாம்னு எல்லா பொம்பளைங்களும் கேக்குற கேள்வி, வீக்கம் வடிஞ்சு சர்ஜன் சொன்ன பொறவுன்னு ஒரு வரி சேத்திருக்கேன்.

எக்கி நிற்றலுக்கு வேற சொல் யாருக்காவது பட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள போடுங்க, அன்னைக்கு சாயங்காலம் தாள் அச்சுக்கு போகுது.