கம்பைலர் எழுத ஓகேமல், ஹாஸ்கெல் கத்துக்கணுமா, இல்ல ஜாவாவே போதுமா?

ஓஎம்ஆர்_ஜாவா (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். சோழிங்கநல்லூர்ல ஒரு கம்பெனில ஜாவா பேக்கெண்ட் வேலை பாக்குறேன். காலேஜ்ல கம்பைலர் (எழுதின ப்ரோக்ராமை மெஷின் ஓட்டுற கோடா மாத்துறது) டிசைன் பேப்பர் இருந்துச்சு, லேப்ல லெக்ஸ் யாக்ங்கற டூல் வச்சு ஒரு கால்குலேட்டர் பண்ணோம், எக்ஸாமுக்கு ஃபர்ஸ்ட் ஃபாலோ டேபிள் போட்டோம், அதோட சப்ஜெக்ட் முடிஞ்சுது, ஆனா பார்ஸ் பண்ண (படிச்சு கிளை கிளையா பிரிச்ச) ட்ரீல இருந்து நிஜமா ஓடுற கோட் எப்டி வருதுங்கறது மட்டும் எனக்கு இன்னும் புரியல.

அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா. அவளுக்கு ப்ரோக்ராமிங் சொல்லிக் குடுக்க தமிழ் கீவேர்டோட ஒரு குட்டி லாங்குவேஜ் பண்ண ஆசை. எண், வேரியபிள், 'என்றால்', 'வரை' லூப், ஃபங்ஷன், அவ்ளோதான். ஆனா இன்டர்ப்ரெட்டரா (படிக்கப் படிக்கவே ஓட்டுறது) இல்லாம, கம்பைல் ஆகி வெப்அசெம்ப்ளியா (ப்ரவுசர் நேரா ஓட்டுற கீழ்மட்ட கோட்) ப்ரவுசர்ல ஓடணும்.

எங்க தேடினாலும் கம்பைலர்னா ஓகேமல், ஹாஸ்கெல் மாதிரி ஃபங்ஷனல் லாங்குவேஜ்தான் (வச்ச மதிப்பை மாத்தாம, ஃபங்ஷன்களை சேத்து ப்ரோக்ராம் கட்டுறது) பெஸ்ட்னு எழுதியிருக்காங்க. ஏன் பெஸ்ட்? எதையும் மாத்தவே முடியாதுன்னா சிம்பல் டேபிள் (எந்தப் பேர் எதைக் குறிக்குதுன்னு வச்சுக்கற பட்டியல்) எப்டி வைக்கிறது? வேலை முடிஞ்சு வந்து ராத்திரிதான் டைம் கிடைக்கும், அதுல புதுசா ஒரு லாங்குவேஜும் கத்துக்கிட்டு கம்பைலரும் கத்துக்கறது நடக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருவான்மியூர்_டெவ்:

ப்ரோ, நல்ல ஆசை, கண்டிப்பா பண்ணுங்க. 'ஏன்'ங்கறதை மட்டும் கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா அது புரிஞ்சா எந்த லாங்குவேஜ்ல எழுதினாலும் உதவும்.

லெக்சர் (எழுத்துகளை டோக்கன்ங்கற வார்த்தைகளா வெட்டுறது), பார்சர் (அந்த வார்த்தைகளை ட்ரீயா கட்டுறது) ரெண்டையும் தாண்டிட்டா கம்பைலர்ல மிச்சம் இருக்குறது எல்லாமே ஒரே வேலைதான், ஒரு ட்ரீ உள்ள வரும், இன்னொரு ட்ரீ வெளிய போகும், கடைசில மட்டும் ட்ரீக்கு பதிலா இன்ஸ்ட்ரக்‌ஷன் வரிசை வெளிய வரும். 1 + 2 * 3னு எழுதினா பார்சர் குடுக்குறது இது:

கூட்டு(எண் 1, பெருக்கு(எண் 2, எண் 3))

இந்த வடிவத்தை அப்டியே டைப்பா எழுத முடியுற லாங்குவேஜ்தான் எம்எல் (மெட்டா லாங்குவேஜ், மெஷின் லேர்னிங் இல்ல) குடும்பம், ஓகேமல் அதுல ஒண்ணு. 'ஒரு கோவைங்கறது (எக்ஸ்ப்ரஷன்) ஒண்ணு எண், இல்ல ரெண்டு கோவையோட கூட்டு, இல்ல ரெண்டு கோவையோட பெருக்கு, இல்ல ஒரு பேர்'னு நாலு வரி, டைப் முடிஞ்சுது. அதுமேல எழுதுற ஒவ்வொரு ஃபங்ஷனும் அந்த நாலு கேஸுக்கு நாலு வரி. உதாரணத்துக்கு கம்பைல் டைம்லயே கணக்கு போட்டு சுருக்குற வேலை:

சுருக்கு(கூட்டு(இடது, வலது)) → முதல்ல ரெண்டு பக்கத்தையும் சுருக்கு. ரெண்டும் எண்ணா வந்தா கூட்டி ஒரே எண்ணா குடு. இல்லேன்னா புதுசா ஒரு கூட்டு கட்டிக் குடு

பழைய ட்ரீயை தொடவே இல்ல பாருங்க, புதுசு ஒண்ணு கட்டிக் குடுத்தாச்சு. அதனால எந்த ஸ்டெப்ல தப்பு நடந்துச்சுன்னு பாக்க முன்னாடி ட்ரீயையும் பின்னாடி ட்ரீயையும் பக்கத்துல பக்கத்துல ப்ரின்ட் பண்ணிக்கலாம். ட்ரீயை அங்கங்க மாத்திக்கிட்டே போற கோட்ல இது முடியாது, முன்னாடி எப்டி இருந்துச்சுங்கறதே தொலைஞ்சு போயிருக்கும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. நாளைக்கு நீங்க 'மீதி'ன்னு புது ஆபரேட்டர் சேக்குறீங்க, டைப்ல ஒரு கேஸ் கூடுது. டைப் செக், சுருக்கு, கோட் ஜெனரேட்டர்னு எந்தெந்த ஃபங்ஷன்ல அந்த கேஸை இன்னும் எழுதலயோ அத்தனை இடத்தையும் ஓகேமல் கம்பைலரே வார்னிங்கா காட்டிடும். அந்த வார்னிங்கை எரரா செட் பண்ணி வச்சுக்கோங்க, 'மத்ததெல்லாம்'னு பொதுவா ஒரு கேஸ் போடுற பழக்கத்தையும் விட்டுடுங்க, போட்டா இந்த காவல் போயிடும். என்னைக் கேட்டா ஃபங்ஷனல் லாங்குவேஜ்ல கம்பைலர் எழுதறதோட பெரிய லாபம் இதுதான், மோனாட் அது இதுன்னு பேசுறதெல்லாம் அப்புறம்.

சிம்பல் டேபிளுக்கு வரேன். ஜாவால ஹேஷ்மேப் ஸ்டாக் வச்சிருப்பீங்க, ப்ளாக்குக்குள்ள போனா புஷ், வெளிய வந்தா பாப். மாறாத மேப்ல இது தேவையே இல்ல. புது பேர் சேத்தா புது மேப் கிடைக்கும், பழையது அப்டியே இருக்கும், ரெண்டும் உள்ளுக்குள்ள பெரும்பகுதியை பங்கு போட்டுக்கறதால மொத்தமா காப்பி ஆகாது. உள் ப்ளாக்கை செக் பண்ற ஃபங்ஷனுக்கு புது மேப்பை ஆர்கியூமென்ட்டா குடுங்க, அது ரிட்டர்ன் ஆனதும் உங்க கைல பழைய மேப்தான் இருக்கு, ஸ்கோப் முடிஞ்சுது. ஸ்கோப் ரூல் மொத்தமும் ஃபங்ஷன் காலுக்குள்ளயே அடங்கிடுது, எனக்கு இது இன்னைக்கும் ரொம்ப அழகாத் தெரியுது.

பெருங்குடி_பேக்கெண்ட்:

ஜாவாவை விடவே வேணாம் ப்ரோ. ஜாவா 17ல சீல்டு இன்டர்ஃபேஸ் (எந்தெந்த வகை இதுல வரலாம்னு முன்னாடியே பூட்டி வைக்கிறது) வந்துடுச்சு, ரெக்கார்டு அதுக்கு முன்னாடியே இருக்கு, 2023ல வந்த ஜாவா 21ல ஸ்விட்ச்ல பேட்டர்ன் மேட்ச்சிங்கும் (வடிவத்தைப் பாத்து கேஸ் பிரிக்கிறது) முழுசா வந்துடுச்சு. சீல்டு இன்டர்ஃபேஸ் மேல ஸ்விட்ச் போட்டு ஒரு கேஸ் விட்டுட்டா வார்னிங் கூட இல்ல, நேரா கம்பைல் எரர். மேல அண்ணன் சொன்ன காவல் உங்களுக்கு ஆபீஸ்ல எழுதுற லாங்குவேஜ்லயே கிடைக்குது. இதுக்காக முன்னாடி எழுதின விசிட்டர் பேட்டர்ன்லாம் இப்ப எழுத வேண்டிய அவசியமே இல்ல.

கிண்டி_ரிசர்ச்:

ரெண்டு பேர் சொன்னதும் சரி. கொஞ்சம் பின்னணி சொல்றேன், ஏன்னா இந்த ரெண்டு உலகமும் ஏன் ஒட்டிக்கிச்சுன்னு அதுல தெரியும்.

ஐபிஎம்ல ஜான் பேக்கஸ் டீம் 1957ல குடுத்த ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு ஆன உழைப்பை 18 ஆள்-வருஷம்னு சொல்வாங்க. இன்னைக்கு ஒரு ஸ்டூடன்ட் ஒரு செமஸ்டர்ல குட்டி கம்பைலர் எழுதிடறான்னா, கிராமர், பார்சிங், டைப் தியரின்னு நடுவுல வந்த தியரியும் டூலும்தான் காரணம். அதே பேக்கஸ் 1977ல கம்ப்யூட்டர் துறையோட பெரிய விருதான டூரிங் விருது வாங்கினப்ப பேசின பேச்சு முழுக்க, ஒவ்வொரு மெமரி இடமா மாத்தி மாத்தி எழுதுற ஸ்டைல்ல இருந்து வெளிய வரணும், ஃபங்ஷன்களை சேத்து ப்ரோக்ராம் கட்டணும்ங்கறதுதான். ஃபோர்ட்ரான் குடுத்த மனுஷனே அதைச் சொன்னதாலதான் அந்த பேச்சுக்கு அவ்ளோ எடை.

எம்எல் 1970கள்ல எடின்பரோல ராபின் மில்னர் குழு பண்ணது, தியரம் ப்ரூவ் பண்ற ஒரு சிஸ்டத்துக்கு மெட்டா லாங்குவேஜா. ஃபார்முலாவும் ட்ரீதான், ப்ரோக்ராமும் ட்ரீதான், அங்க வசதியா இருந்தது கம்பைலர்லயும் வசதியாயிடுச்சு. ரஸ்ட்ங்கற லாங்குவேஜோட முதல் கம்பைலர் ஓகேமல்லதான் எழுதினாங்க, அப்புறம்தான் ரஸ்ட்லயே மாத்தி எழுதினது. உங்க வேலைக்கு நேரா சம்பந்தப்பட்டது ஒண்ணு, வெப்அசெம்ப்ளியோட ரெஃபரன்ஸ் இன்டர்ப்ரெட்டரே ஓகேமல்ல எழுதினது. திறந்து படிச்சுப் பாருங்க, படிக்கிற மாதிரி இருக்கும்.

ஆனா 'எதையும் மாத்தவே கூடாது'ன்னு எடுத்துக்காதீங்க தம்பி. டைப் இன்ஃபரன்ஸ் (எழுதாத டைப்பை கம்பைலரே கண்டுபிடிக்கிறது) பண்றப்ப ஒரு டைப் வேரியபிள் என்னன்னு தெரிஞ்சதும் அதை அந்த இடத்துலயே நிரப்பறதுதான் வேகம், ஓகேமல்லோட சொந்த டைப் செக்கரே அப்டித்தான் பண்ணுது. ரிஜிஸ்டர் அலொகேஷனை (எந்த மதிப்பை ப்ராசசரோட எந்த ரிஜிஸ்டர்ல வைக்கறதுன்னு முடிவு பண்றது) கிராஃபுக்கு கலர் அடிக்கிற கணக்கா மாத்தறது 1981ல ஐபிஎம்ல சாய்ட்டின் குழு காட்டின வழி, அந்த கிராஃபை மாத்திக்கிட்டே போறதுதான் அங்க இயல்பு. ஓகேமல்ல ரெண்டுக்கும் வழி இருக்கு, ஹாஸ்கெல்ல கொஞ்சம் சுத்திப் போகணும். அதனாலயே முதல் கம்பைலருக்கு நான் ஓகேமல் பக்கம்தான் சாய்வேன்.

இன்னொண்ணு, எல்எல்விஎம் மாதிரி பெரிய கம்பைலரெல்லாம் உள்ளுக்குள்ள எஸ்எஸ்ஏங்கற வடிவத்தைத்தான் வச்சிருக்கு, ஒவ்வொரு பேருக்கும் ஒரே ஒரு தடவைதான் மதிப்பு குடுக்கலாம். இது ஃபங்ஷனல் ப்ரோக்ராமிங்கேதான்னு ஆண்ட்ரூ ஆப்பெல் 1998ல ஒரு சின்ன கட்டுரைல காட்டினார். சி++ல எழுதின கம்பைலரும் தான் படிக்கிற ப்ரோக்ராமை முதல்ல இந்த வடிவத்துக்கு மாத்திட்டுத்தான் ஆப்டிமைஸ் பண்ண ஆரம்பிக்குது.

கத்துக்கணும்னா உங்க ஆபீஸுக்குக் கொஞ்ச தூரத்துலயே சிறுசேரில சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட் இருக்கே, அந்த ப்ரொஃபஸர்ஸ் நடத்தின ஹாஸ்கெல் கோர்ஸ் என்பிடிஇஎல்ங்கற ஆன்லைன் பாட சைட்ல ஃப்ரீயா இருக்கு, ரொம்ப நிதானமா போகும். ஃபங்ஷனல்னா ஏதோ வெளிநாட்டு ரிசர்ச் சமாச்சாரம்னு பயப்படாதீங்க, நம்ம தமிழ்நாடு பன்னெண்டாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் புக்ல முதல் பாடமே ஃபங்ஷன்தான், ப்யூர் (வெளிய எதையும் மாத்தாத ஃபங்ஷன்) இம்ப்யூர் வித்தியாசமெல்லாம் அதுல வருது.

யூனிகோடு_அக்கா:

தமிழ் கீவேர்டுன்னு சொன்னதால இதை சொல்லியே ஆகணும், யாரும் தொடல. ஜாவால இஸ்லெட்டர்னு ஒரு மெத்தட் இருக்கு, லெக்சர்ல 'எழுத்தா இருந்தா பேரோட சேத்துக்கோ'ன்னு அதை வச்சு எழுதினா 'கூட்டு'ங்கற பேர் முதல் எழுத்துலயே உடைஞ்சுடும். 'கூ'ங்கறது யூனிகோட்ல ரெண்டு கோட்பாயின்ட் (ஒவ்வொரு குறிக்கும் குடுத்த நம்பர்), 'க' தனி, 'ூ' தனி. அந்த உயிர்க்குறியும் புள்ளியும் யூனிகோட் கணக்குல எழுத்து இல்ல, மார்க். அதனால இஸ்யூனிகோட்ஐடென்டிஃபையர்பார்ட்ங்கற மெத்தடை பயன்படுத்துங்க. பைத்தான்ல இஸ்ஆல்ஃபாவுக்கும் இதே கதைதான்.

இன்னொரு தொல்லை 'கொ'. அந்தக் குறியை ஒரே கோட்பாயின்ட்டாவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு துணைக்கால்னு ரெண்டா பிரிச்சும் வைக்கலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், சிம்பல் டேபிளுக்கு ரெண்டு வேற வேற பேர். குழந்தை ஒரு இடத்துல டைப் பண்ணி இன்னொரு இடத்துல காப்பி பேஸ்ட் பண்ணா 'இந்தப் பேர் இல்ல'ன்னு எரர் வரும், அவளுக்கு ஏன்னே புரியாது, அழுதுடுவா. சோர்ஸை உள்ள வாங்கினதும் முதல் வேலையா என்எஃப்சிக்கு (இப்டிப் பிரிஞ்சதை ஒண்ணா சேத்து வைக்கிற யூனிகோட் வடிவம்) நார்மலைஸ் பண்ணிடுங்க.

எழில்னு தமிழ்ல ஏற்கனவே ஒரு லாங்குவேஜ் இருக்கு, பைத்தான்ல எழுதினது, ஓப்பன் சோர்ஸ். கீவேர்டு எப்டி தேர்ந்தெடுத்திருக்காங்கன்னு ஒருதடவை பாத்துடுங்க. 'மார்க் > 35 என்றால்'னு தமிழ் வரிசைல வச்சீங்கன்னா கண்டிஷன் முதல்லயும் கீவேர்டு பின்னாடியும் வரும், அப்ப பார்சர் முதல்ல ஒரு கோவையை முழுசா படிச்சுட்டு அடுத்த டோக்கன் என்னன்னு பாத்துத்தான் இது கண்டிஷனா சும்மா கோவையான்னு முடிவு பண்ணணும். கஷ்டமில்ல, ஆனா முதல்லயே திட்டம் போட்டுக்கோங்க.

ஓஎம்ஆர்_ஜாவா:

அக்கா, அண்ணன்களா, ரொம்ப நன்றி, இவ்ளோ எதிர்பாக்கல. ஓகேமல்லயே இறங்கறேன். ரெண்டு டவுட். பூஜ்ஜியத்தோட எதைப் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே, அதையும் 'சுருக்கு'ல சேக்கலாமா? அப்புறம் எதுல ஆரம்பிக்கிறது, லெக்சர்லயா?

திருவான்மியூர்_டெவ்:

பெருக்கு(எண் 0, எதுவோ) → எண் 0ன்னு கண்ணை மூடிட்டு எழுதிடாதீங்க. அந்த 'எதுவோ' ஒரு ஃபங்ஷன் காலா இருந்து, அது ஸ்க்ரீன்ல ஏதாவது ப்ரின்ட் பண்ணுதுன்னா, சுருக்கினதும் அந்த ப்ரின்ட் காணாம போயிடும், ப்ரோக்ராமோட அர்த்தமே மாறிடுது. அது வெறும் எண்ணாவோ வேரியபிளாவோ இருந்தா மட்டும் சுருக்குங்க. வகுத்தல்ல கீழ பூஜ்ஜியம் வந்தா சுருக்காம அப்டியே விட்டுடுங்க, ஓடறப்ப வெப்அசெம்ப்ளியே ட்ராப் அடிச்சு நிறுத்தும், இல்லேன்னா உங்க கம்பைலரே அந்த இடத்துல விழுந்துடும். ஓகேமல்ல சாதா இன்ட் 64 பிட் மெஷின்ல 63 பிட்தான், உங்க லாங்குவேஜ் எண் 32 பிட்னா சுருக்கறப்ப இன்ட்32 மாட்யூலை வச்சே கணக்கு போடுங்க, அப்பதான் பெரிய எண் வந்தாலும் சுருக்கின விடையும் ப்ரவுசர்ல ஓடி வர விடையும் ஒண்ணா இருக்கும்.

லெக்சர்ல ஆரம்பிக்காதீங்க. உங்களுக்குப் புரியாத இடம் பின்பக்கம்தானே, அங்கயே ஆரம்பிங்க. பார்சரே இல்லாம, மேல போட்ட அந்த கூட்டு பெருக்கு ட்ரீயை கையாலயே கோட்ல எழுதுங்க, அதை வெப்அசெம்ப்ளியா மாத்துற ஃபங்ஷனை எழுதுங்க. வெப்அசெம்ப்ளி ஒரு ஸ்டாக் மெஷின் (மதிப்புகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மேல இருந்து எடுத்து கணக்கு போடறது), ரிஜிஸ்டர் கவலையே இல்ல. எண் வந்தா ஸ்டாக்ல தள்ளு, கூட்டு வந்தா இடதுக்கு கோட் போடு, வலதுக்கு கோட் போடு, கடைசில ஆட். 1 தள்ளு, 2 தள்ளு, 3 தள்ளு, பெருக்கு, கூட்டு, அவ்ளோதான் வரும். 'என்றால்', 'வரை' ரெண்டுக்கும் கூட அதுலயே இஃப், லூப், ப்ளாக்னு கட்டமைப்பு இருக்கு, லேபிள் போட்டு தாவுற வேலை இல்ல, ட்ரீ வடிவம் அப்டியே போய் உக்காந்துடும். ப்ரவுசர்ல 7 வந்ததும் இங்க போடுங்க, அடுத்து ஃபங்ஷன் கால் பாக்கலாம்.