பாக்கெட் கேக் மாதக்கணக்கில் மெத்தென்று இருப்பது எப்படி?

கேள்வி (தண்டையார்பேட்டை):
நான் இங்கே சிறிய மளிகைக்கடை நடத்துகிறேன். மாலையில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஐந்து, பத்து ரூபாயைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, வாசலில் சரமாகத் தொங்கும் கேக் பாக்கெட்டுகளைத்தான் முதலில் கேட்கிறார்கள். பக்கத்துத் தெரு பேக்கரியில் வாங்கும் கேக் மூன்று நாளில் காய்ந்துவிடுகிறது, இல்லையென்றால் பூஞ்சை பிடித்துவிடுகிறது. இதுவோ இந்தப் புழுக்கத்திலும் மாதக்கணக்கில் மெத்தென்றே இருக்கிறது. "இதில் என்னம்மா கலக்கிறார்கள்?" என்று தாய்மார்கள் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (பெரம்பூர்):
அக்கா, நான் பல வருடம் பேக்கரியில் வேலை பார்த்தவன். கேக்கைக் கெடுக்கும் பூஞ்சை வளர வேண்டுமானால் அதற்கு ஈரம் கிடைக்க வேண்டும். தொழிற்சாலைக் கேக்கில் சர்க்கரையோடு கிளிசரின், சார்பிடால் ஆகியவற்றையும் சேர்ப்பதால், அவை நீரைத் தம்மிடமே பிடித்து வைத்துக்கொள்கின்றன; நம் வாய்க்குக் கேக் ஈரமாகத் தெரிந்தாலும் பூஞ்சைக்கு அந்த நீர் அகப்படுவதில்லை. ஊறுகாயில் உப்பு செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுதான். பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள்: 422 என்றால் கிளிசரின், 420 சார்பிடால், 202 பூஞ்சையைத் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட், 471 மிருதுத்தன்மையைக் காப்பது. இவை அனைத்தும் அனுமதிக்கப்பட்டவையே. எனக்குக் கவலை இந்த எண்கள் அல்ல. மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் ஒரு பிள்ளையின் வயிற்றுக்குள் தினமும் போவதுதான்.

பதில் (ராயபுரம்):
தயாரிக்கும் நிறுவனங்களைப் பற்றியும் சொல்கிறேன். கொரியாவின் லோட்டே 2004இல் பாரிஸ் (Parrys) என்ற நம்மூர் மிட்டாய் நிறுவனத்தை வாங்கியது. 2010இல் நம் சென்னையை ஒட்டிய நேமத்தில் சாக்கோ பை என்னும் சாக்லேட் பூசிய கேக்குக்கான தொழிற்சாலையைத் தொடங்கியது. அந்தக் கேக்கின் நடுவில் இருக்கும் மார்ஷ்மெல்லோ என்னும் மெத்தென்ற இனிப்புக்கு வெளிநாடுகளில் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைப் பயன்படுத்துவார்கள். இங்கே அதை விலக்கிச் செய்வதால்தான் பச்சைப் புள்ளி இருக்கிறது. முட்டை சேர்த்த கேக்கில் பச்சைப் புள்ளி வராது என்பதால், சைவக் குடும்பத்தினர் கேட்டால் அந்தக் குறியைக் காட்டிவிடுங்கள்.

அமெரிக்காவில் 1930இல் வந்த ட்விங்கி கேக் என்றைக்கும் கெடாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது உண்மையல்ல. அதை விற்ற ஹோஸ்டஸ் நிறுவனம் 2012இல் மூடப்பட்டு, 2013இல் ட்விங்கி மீண்டும் கடைக்கு வந்தபோதும், 45 நாள் கெடுதான் வைத்திருந்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. சரத்திலிருந்து ஒரு பாக்கெட்டைக் கழற்றிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். 420, 422, 202 மூன்றும் இருக்கின்றன. போன மாதம் ஒரு பாக்கெட்டின் ஓரத்து ஒட்டு விட்டுப்போய், தேதி முடியாமலே கேக்கின் மேல் பச்சையாகப் பூத்திருந்தது ஏன் என்பதும் இப்போது புரிகிறது: வெளிக்காற்றின் ஈரம் உள்ளே போய்ப் பூஞ்சைக்குக் கிடைத்திருக்கிறது. வெயில் படும் வாசலிலிருந்து சரத்தை உள்ளே மாற்றிக் கட்டிவிட்டேன். இனி ஒட்டை விரலால் அழுத்திப் பார்த்த பிறகே பிள்ளைகள் கையில் கொடுப்பேன்.